முடிச்சு விழுந்த கோடி

காரின் பின்கதவுக் கைப்பிடியை நாலாவது தடவையாக இழுத்துப் பார்த்தார் பெரியகருப்பன். அது கடகடவென்று ஆடியது.

"அது அப்படித்தான் ஆடும் பெரியவரே, தெறக்காது," என்றான் டிரைவர் முகமது பாரூக். "ஏழு வருசமா ஓட்டுறேன்."

"ஆடுற பல்லு ஒரு நாளைக்கு விழத்தான் செய்யும் பாய்."

திண்டுக்கல் ஜவுளிக்கடை வாசலில் நின்றது அந்த வாடகைப் பிளசர் கார். விடியக் கருக்கலில் வத்தலக்குண்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், தங்கச்சி ஒச்சம்மாள் போய்விட்டாள் என்று. அவர் மகன் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டான். மருமகள் சிவனம்மாளையும், ஆறு வயசுப் பேத்தி பொன்னழகையும், மூணு வயசுப் பேரன் மலைச்சாமியையும் காரில் ஏற்றிக்கொண்டு சாணார்பட்டியிலிருந்து இம்புட்டுத் தூரமும் ஒரு கையில் கதவு, ஒரு கையில் பேரன் என்று வந்திருந்தார். கை மரத்துப் போயிற்று. மரத்த கையை அவர் நம்புகிற ஆள் இல்லை.

அக்குளில் இப்போது வாங்கிய சேலை இருந்தது. சின்னாளபட்டிச் சுங்கடி, சிவப்பு, பதினாறு முழம். புருசன் இருக்கப் போனவள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை இல்லாமல் அவளை எடுக்கக் கூடாது. மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டியது அண்ணன்காரன்.

அந்தச் சேலையை அவர் நடுத்தெருவில் உதறி விரித்தார்.

"மாமா! என்ன செய்றீக? கோடி மாமா அது!"

"தெரியும். சின்னவனை நடுவுல தள்ளி உக்கார வையி."

முன்சீட்டின் முதுகில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதில் ஒரு முனையைக் கட்டி, பிள்ளைகள் இரண்டின் இடுப்பையும் வளைத்து, மறுமுனையைக் கொண்டுவந்து அதே கம்பியில் முடிந்தார். மாட்டுக்குப் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகாது, தானாக அவிழவும் செய்யாது.

"மடியில வச்சுக் கெட்டியாப் புடிச்சுக்கிறேன் மாமா. அங்க போயி என்ன சொல்லுவாக?"

"கைக்குத் தூக்கம் வரும் தாயி. துணிக்கு வராது."

சிவனம்மாள் பிள்ளைகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் அந்தக் கதை தெரியும். பதினோரு வருசத்துக்கு முன்னால், மொட்டை போடப் பழனிக்குப் போன கார். ஒச்சம்மாளின் ஒரே மகன், நாலு வயசு, தாய்மாமன் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். விருப்பாச்சி தாண்டி ஒரு வளைவு. மாமன் செத்த நேரம் கண்ணசந்தார். கதவு திறந்துகொண்டது.

அதற்கப்புறம் ஒச்சம்மாள் அண்ணனை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

"ஆட்டுக்குட்டியக் கட்டுன மாதிரில்ல இருக்கு," என்று சிரித்தான் பாரூக்.

"கட்டுன குட்டி வீடு வந்து சேரும். நீ ரோட்டப் பாரு."

செம்பட்டி வளைவில் கதவு கடகடத்தது. திறக்கவில்லை. மலைச்சாமி சேலையிலேயே முறுக்கைக் கடித்துத் துப்பி, அதன் மேலேயே எச்சில் ஒழுகத் தூங்கிப்போனான்.

வத்தலக்குண்டில் கொட்டுச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. பிள்ளைகளை அவிழ்த்து இறக்கி, சேலையைத் தனக்குத் தெரிந்த மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனார். ஒச்சம்மாளின் நாத்தனார் மூக்காயி கண்ணில் அது முதலில் பட்டது.

"என்ன மச்சான் இது? கசங்கிக் கிடக்கு, முறுக்குத் தூளு வேற. பொறந்த வீட்டுல ஒரு புதுச் சேலைக்கு வக்கில்லையா?"

"புதுசுதான். காலையில எடுத்தது."

"மடிப்புக் கலைஞ்சா அது கோடியா? எங்க அண்ணன் பொண்டாட்டி மேல பழசப் போத்த விடமாட்டேன். திரும்பக் கொண்டு போங்க!"

கொட்டு நின்றது. கூட்டம் பெரியகருப்பனைப் பார்த்தது. அவர் தலை குனியவில்லை.

"புள்ளைகளக் கார்ல கட்டிக் கொண்டாந்தேன்."

"ஏன், கதவு தெறந்துக்கிச்சாக்கும்?"

"தெறக்கல."

"பெறகென்ன கேடு?"

"அன்னைக்கும் தெறக்காதுன்னுதான் சொன்னாங்க."

மூக்காயி வழிவிட்டு ஒதுங்கினாள்.

தலைமாட்டில் குந்தியிருந்த புருசன் ஆண்டிச்சாமி எழுந்து வந்தான். சேலையை வாங்கி விரித்தான். முடிச்சு விழுந்த சுருக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"சின்னவன் எந்தப் பக்கம் இருந்தான் மச்சான்?"

"இந்தா, இங்ஙன."

முறுக்குத் தூள் ஒட்டியிருந்த அந்த இடம் ஒச்சம்மாளின் நெஞ்சில் வரும்படி போர்த்தினான். சுருக்கத்தை நீவிவிடவில்லை.

"கொட்டுங்கப்பா," என்றான்.

எல்லாம் முடிந்து வெயில் சாய்ந்துவிட்டது. கேத வீட்டில் போய்வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பெரியகருப்பன் பேசாமல் வந்து பிள்ளைகளைக் காரில் உட்கார வைத்தார். தோள்துண்டை அவிழ்த்து அளந்து பார்த்தார். ஒரு பிள்ளைக்குத்தான் எட்டும். பாரூக் தன் தலைத்துணியை எடுத்து, கேட்காமலே கதவுக் கைப்பிடியை அந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆண்டிச்சாமி பின்னாலேயே வந்தான். கையில் ஒரு நீலச் சேலை. முந்தாநாள் ஒச்சம்மாள் துவைத்துப் போட்டது, கொடியிலேயே கிடந்திருக்கிறது. சவுக்கார வாசம் போகவில்லை. சன்னல் வழியாக நீட்டினான்.

பெரியகருப்பன் வாங்கிக்கொண்டார். கம்பியில் கட்டி, இரண்டு இடுப்பையும் வளைத்து, முடிந்தார். முடிச்சை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"எடு பாய்," என்றார்.