கூடத்து வெளிச்சம்

"மாமி, இனி இந்த ரேழியில ஒரு படம்கூட எடுக்க மாட்டேன். கூடத்துக்குள்ள வந்துதான் எடுப்பேன்."

கேட்டேவிட்டாள் பவதாரிணி. திருவாதவூரில் பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம் அவள் அம்மா முத்துத்தாய் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புவாள்: "என்னத்த வேணா கேளு. உள்ள வாரேன்னு மட்டும் கேட்ராத. அவுக எங்க நிறுத்துறாகளோ அங்க நின்னு வேலையப் பாரு." குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த புத்திமதி அது.

ஸ்யாமளா மாமி கொலு பொம்மை விற்கிறவள். சாண் உயரக் காகிதக்கூழ் பொம்மைகளுக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்டி ஆன்லைனில் போடுவாள். படம் எடுப்பது பவதாரிணி. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருட்டிக் கிடக்கும் ரேழியில், ஒற்றை டியூப்லைட்டுக்குக் கீழே. அந்த வெளிச்சத்தில் செட்டியார் பொம்மையின் ரோஸ் கன்னம் காமாலை கண்டதுபோல் வந்தது. மூக்கு நிழல் மீசைக்கு மேல் இன்னொரு மீசையாக விழுந்தது. விளக்கில் பட்டர் பேப்பர் ஒட்டினாள். நிழலைக் குறைக்க எதிரே தெர்மாகோல் நிறுத்தினாள். பளபளப்பில் விளக்குக் கோடு விழுகிறதென்று, படம் எடுத்து முடிக்கும்வரை வார்னிஷ் பூச வேண்டாம் என்றுகூடச் சொல்லி வைத்தாள். இல்லாத வெளிச்சத்தை எங்கே போய் வாங்குவது?

"போன வருஷம் எங்க வர்ஷினி சும்மா போன்லதான் எடுத்தா. எவ்வளவு லட்சணமா இருந்தது!" என்றாள் மாமி.

"உங்க மக கூடத்துல உக்காந்து எடுத்துச்சு. என்னையும் அங்க விடுங்க. அப்பவும் நல்லா வரலன்னா பேசுங்க."

மாமியின் பார்வை உள்ளே ஊஞ்சலுக்குப் போனது. மாமனார் ஹாலாஸ்யம் பேப்பரை இறக்கவில்லை.

"வெளிச்சந்தானே? எடுத்துண்டு போகட்டும்."

யாரோ தண்ணீர் கேட்டு வந்ததுபோல் இருந்தது அவர் சொன்ன தோரணை. பவதாரிணி அதையும் விழுங்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள்.

முற்றத்துக் கூரையின் வெள்ளை ஷீட் வழியாக வெயில் சலித்த மாவுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, பின்பக்கத்தை மடிப்பு விழாமல் வளைத்துத் தூணோடு ஒட்டினாள். பொம்மையின் கண்மட்டத்துக்குப் போன் வர வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கூடத்துத் தரையிலேயே குப்புறப் படுத்தாள்.

ஊஞ்சல் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் படத்திலேயே செட்டியாருக்கு உயிர் வந்துவிட்டது. வாய் திறந்தால் விலை சொல்லிவிடுவார் போலிருந்தது. "அடேயப்பா!" என்று மாமியே குனிந்து பார்த்தாள்.

பாதி முடிந்ததும் பவதாரிணி தெருமுனைக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். கூடத்துத் தரை ஈரமாக இருந்தது. சார்ட்டின் ஓரம் ஊறி உப்பியிருந்தது. துடைத்திருப்பார்கள் என்று எண்ணி, வேறு சார்ட் விரித்து, வெளிச்சம் போவதற்குள் என்று செட்டியாரையும் மனைவியையும் அவசரமாகச் சேர்த்து வைத்து எடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கினாள்.

செட்டியார் கன்னத்தில் வட்ட வட்டமாகப் பொட்டு. ஒரு புருவம் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. மனைவியின் நெற்றிக் குங்குமம் கழுத்தில் இருந்தது. தூணடியில் ஒரு செம்புச் சொம்பு, அதில் மாவிலை.

அந்தக் கணமே அவளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டிப் பார்த்த மாமி பதறினாள். "ஐயையோ! ஈரக் கையோட தொட்டியாடீ?"

பவதாரிணி எழுந்து போனை நீட்டினாள். "இது நான் சாப்பிடப் போறதுக்கு முன்னால எடுத்தது. இது இப்ப. தண்ணி மேலருந்து விழுந்திருக்கு மாமி. என் கைக்கு இம்புட்டு ஓட்டை இல்ல."

"தீர்த்தம் தெளிக்கிறது எங்காத்து வழக்கம்" என்றார் ஹாலாஸ்யம். "தினமும் பண்றதுதான்."

"தினமும் தெளிச்சா நேத்து ஏன் சார் கரையல? முந்தாநேத்து? வார்னிஷ் இல்லாம ஒரு வாரமா இதே கூடத்துலதான இருக்கு?"

அவர் பேப்பரை மடித்தார்.

மாமி அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பொம்மைதானே, வர்ணம் தொட்டு எழுதிக்கறேன். பெரியவா அப்படித்தான், மனசுல வெச்சுக்காதே. நாளைக்கும் இங்கேயே வந்து எடு, நான் சொல்லிக்கறேன். மீதிய முடிச்சுடும்மா, வெளிச்சம் போயிடும்."

"நான் எந்திரிச்சுப் போனதும் திரும்பவும் தெளிப்பாக. நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருப்பீக. இன்னைக்கும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

மாமி சொம்பைப் பார்த்தாள். பிறகு எங்கும் பார்க்கவில்லை.

பவதாரிணி எடுத்த படங்களையெல்லாம் மாமிக்கு அனுப்பினாள். கடைசியாக, அழுத முகமாய் நிற்கும் செட்டியாரையும். சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். தெர்மாகோலை எடுத்தாள். ஊறிப்போன சார்ட்டை அங்கேயே விட்டாள்.

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று முத்துத்தாய் பழக்கியிருந்தாள்.

"போறேன் மாமி."

ரேழியில் டியூப்லைட் வீணாக எரிந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் அதை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.