ஐந்தாவது சரணம்

அப்பாவின் சவப்பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள் ஓவா. பிரசங்கியார் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"பொணத்த வச்சுக்கிட்டு வாத்தியச் சத்தமா? நம்ம சபையில வாத்தியத்துக்கே இடம் கிடையாதும்மா."

"இது சபை இல்ல, என் வீடு. புடிக்கலன்னா வெளிய நில்லுங்க."

அவர் நகரவில்லை. சித்தப்பா டெல்மர் நாக்ஸ்வில் டவுனிலிருந்து ரோஜா வளையத்தோடு வந்து நின்றிருந்தார். ரேடியோவில் பாடுகிறவர்; அவர் காலணியில் முகம் பார்க்கலாம். அண்ணன் உயிரோடு இருந்த கடைசிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த வாசற்படியை மிதிக்காதவருக்குச் செத்த பிறகு வழி தெரிந்திருக்கிறது.

"எதுக்கும்மா இப்ப அது?" என்றார்.

"நீங்க பாடுனதுதானே சித்தப்பா? உங்க அண்ணன் பக்கத்துல நின்னு ஒரு தடவ கேளுங்க."

ஊசியை வைத்தாள். கொஞ்ச நேரம் இரைச்சல், பிறகு ஒற்றைக் கிதார், பிறகு இருபத்துநாலு வயசு டெல்மரின் மூக்குக் குரல். எழவெடுத்த பாட்டு அழகாகத்தான் இருந்தது. அதுதான் ஓவாவுக்குப் பொறுக்கவில்லை. குரலில் துளி அழுகை கிடையாது. நேற்று நடந்ததைச் சொல்வதுபோல அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும். கேட்கிறவனுக்குத்தான் அழுகை வரும். அவள் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

முதல் சரணத்தில் ஆட்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். இரண்டாவதில் வாயு சேர்ந்தது. மூன்றாவதில் பதினோரு பேர் கருகினார்கள். நான்காவது கேட்டது: வாயுவை வெளியே தள்ளும் காற்றாடி நின்றுபோனதா, காவல் இருந்தவன் தூங்கிவிட்டானா? அதோடு இசைத்தட்டு முடிந்தது.

அன்றைக்குக் காற்றாடிக்குக் காவல் இருந்தவர் இப்போது பெட்டிக்குள் கிடக்கும் அப்பா எஸ்கர்தான். இசைத்தட்டு சுரங்கக் கம்பெனியின் கடையில் சக்கைப்போடு போட்டது, டென்னசி மலை முழுக்கப் பாடினார்கள். கேள்விக்குத் தூங்கிவிட்டான் என்று ஊரே பதில் சொல்லிக்கொண்டது. சபையில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

"இன்னொரு சரணம் இருக்கு" என்பார் அப்பா. நீங்களே பாடுங்கள் என்றால், "நான் பாடுனா எவன் நம்புவான்? பாடுனவன் வந்து பாடட்டும்" என்று வாயை மூடிக்கொள்வார். பாடாமலே போய்ச் சேர்ந்தார்.

ஊசி தட்டின் நடுவில் கரகரத்தது. ஓவா அதை எடுக்கவில்லை.

"மிச்சத்தப் பாடுங்க சித்தப்பா."

"ரெக்கார்டு பண்ணுன அன்னிக்கு மூணு நிமிஷம்தான் குடுத்தாங்க. மெழுகுத் தட்டு அவ்வளவுதான் புடிக்கும். சிவப்பு விளக்கு எரிஞ்சா நிறுத்திடணும். நான் என்னம்மா செய்ய?"

"இங்க எந்த விளக்கும் எரியல. பாடுங்க."

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். வாயைத் திறந்தார், மூடினார்.

"இத்தன வருஷமா நாலோட நிறுத்தியே பழகிட்டேன். மறந்துபோச்சும்மா."

"அஞ்சாவது ஒண்ணு இருந்தாத்தானே வரும்" என்றான் சுவரோரம் நின்ற ஒருவன்.

ரோஜா வளையத்தை அவர் கழுத்தில் மாட்டி இறுக்க வேண்டும்போல இருந்தது ஓவாவுக்கு.

அப்போது அடுப்போரத்து நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தது. அர்மிண்டா. செத்த பதினோரு பேரில் ஆகச் சின்னவனான வர்ஜிலின் அம்மா. அப்பாவை வழியில் கண்டால் காறித் துப்புகிறவள். சபையில் பாடுவதுபோல ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக இழுத்துப் பாடினாள்: காற்றாடி நிற்கவில்லை, காவல்காரன் தூங்கவில்லை, வர்ஜில் என்ற பையன் புகைக்க ஆசைப்பட்டுத் தீக்குச்சி கிழித்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஓவா.

"ரெக்கார்டு பண்ண டவுனுக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம, இந்த டெல்மரு என் அடுப்படியில ஒக்காந்து முழுசாப் பாடிக் காட்டுனான். ரெக்கார்டுல எம்புள்ள பேரு இல்லன்னதும் முழங்கால் போட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்."

"தெரிஞ்சேவா எங்கப்பாவப் பாத்துத் துப்புனீங்க?"

"துப்பலன்னா எம்புள்ள மேல சந்தேகம் வந்துடுமே."

பிரசங்கியார் வேதாகமத்தைத் திறந்தார். "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

"இருங்க."

ஓவா போய் வாசற்கதவைத் திறந்தாள். உள்ளே இடமில்லாமல் சுரங்கத்து ஆட்கள் முப்பது நாற்பது பேர் குளிரில் நின்றிருந்தார்கள்.

"இன்னொரு தடவ பாடுங்க" என்றாள் அர்மிண்டாவிடம். "வெளிய நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவளை எழுப்பிவிட டெல்மர் கை நீட்டினார். அர்மிண்டா அதைப் பிடிக்காமல் தானாக எழுந்து, வாசல்வரை நடந்து, கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள். முதல் வரியிலேயே குரல் உடைந்தது.

ஓவா கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.