இருபத்தோரு இடம் தள்ளி

தங்கைக்குப் பதினொரு மணிக்கு அறுவை சிகிச்சை. தம்பிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப் போகிறாள். அக்காவுக்குச் சர்க்கரை இருந்ததால் மருத்துவர்கள் அவளை முதலிலேயே கழித்துவிட்டார்கள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, ஒன்பது மணிக்கே தான் வேலை பார்க்கும் விதை ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

தம்பியின் நோய் பரம்பரை. ஒரு புரதச் சங்கிலியின் 340-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற கண்ணி டைரோசினாக மாறியிருக்கிறது என்றது எட்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை. தங்கைக்கு 340 சரி என்றது போன மாத அறிக்கை. கை சும்மா இருக்காமல் அக்கா இணையத் தரவுத்தளத்தில் அந்தப் புரதத்தைத் தேடினாள்.

அங்கே 340-இல் சிஸ்டீனே இல்லை. கிளைசின் இருந்தது.

பக்கத்தை மேலே தள்ளினாள். முதல் இருபத்தோரு கண்ணிகள் செல்லுக்குள்ளேயே வெட்டுப்பட்டுவிடும் என்று ஒரு வரி. பழைய ஆய்வகம் வெட்டுக்குப் பிறகு எண்ணியிருக்கிறது; புதிய ஆய்வகம் முதல் கண்ணியிலிருந்தே. அப்படியென்றால் பார்க்க வேண்டிய இடம் 361.

தங்கையுடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் முழுச் சங்கிலியும் அச்சாகியிருந்தது; அக்கா விரல் வைத்து எண்ணினாள். 361-இல், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த பிரதியில் சிஸ்டீன், மற்றவரிடமிருந்து வந்ததில் டைரோசின். தம்பிக்கு இருந்த அதே மாற்றம். மணி பத்தேகால்.

அக்கா அழைத்ததும் தங்கை போனை எடுத்தாள். "இப்ப போனை வாங்கிடுவாங்க. அழாம பேசுக்கா."

"டாக்டர்கிட்ட குடு. தப்பான இடத்தைப் பாத்திருக்காங்க. உனக்கும் அவனோட நோய் இருக்கு."

"உனக்கு பயம். மூணு வருஷமா மெஷின்ல கெடக்கான் அவன்."

"பயம்தான். அதுக்காக எனக்கு எண்ணத் தெரியாம போயிடல. குடு."

மருத்துவர் பேசினார். "நீங்க விதை ஆராய்ச்சிதானே?"

"ஆமா. இந்த போனுக்கே ரெண்டு பக்கம் அனுப்பியிருக்கேன். நீங்களே எண்ணிப் பாருங்க டாக்டர்."

அவர் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. நடுவில் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு யாரிடமோ, "ரெண்டு பேரையும் வார்டுக்கு அனுப்புங்க" என்றார்.

நாலு நாளில் மறுபரிசோதனை அதையே சொன்னது. தங்கை இரண்டு வாரம் அக்காவிடம் பேசவில்லை. "நீ தேடாம இருந்திருந்தா அவன் இந்நேரம் வீட்ல இருப்பான்" என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி.

தம்பிதான் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டான். "சின்னக்கா கோவம் ஆறிடும். நீ எனக்கு வேற கிட்னி தேடு. உன் கம்ப்யூட்டர்ல அதுக்கும் லிஸ்ட் இருக்குமே."

"இறந்தவங்க கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க லிஸ்ட் இருக்குடா. அதுல இன்னைக்குத்தான் உன் பேரைச் சேத்தாங்க," என்றாள்.