சவுரியம்மாளின் சீஸ் ரொட்டியைக் கடித்தது யார்?

1

இந்தக் கதை ஒரு காலி டப்பாவிலிருந்து வந்தது. திண்டிவனத்தில் நான் மாலைநேரத் தட்டச்சு வகுப்புக்குப் போகும் வழியில், ஒரு வீட்டு மதில்மேல் சீஸ் டப்பாவில் கற்பூரவல்லி வளர்த்திருந்தார்கள். டப்பாவில் முன்பு இருந்தது யார் வயிற்றுக்குப் போயிருக்கும்? அன்றைய நாட்குறிப்பில் இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் ஜோடனை. அந்த வீட்டுக்காரர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: “1984 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், விழுப்புரத்தில் ரயில்வே கேங்மேன் அந்தோணிசாமியின் மனைவி சவுரியம்மாள்—”

இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில்தான் ரொட்டி கிடைக்குமே, வீட்டில் ஏன் சுட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். குடும்பத்தைத் திண்டிவனத்துக்கு மாற்றினேன். அந்தோணிசாமிக்கு மாற்றல் உத்தரவும் வாங்கிக் கொடுத்தேன். கதையில் அது எளிது.

இரண்டாம் தொடக்கம்: “மாவு உப்பியதுபோல அவள் மனமும்—”

அடித்துவிட்டேன். மனம் மாவு அல்ல.

3

விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தெருவில் பலகாரத் தட்டு வந்தால் வெறுமையாகத் திருப்பக் கூடாது. தீபாவளிக்கு எதிர்வீட்டு லட்சுமியம்மாள் அதிரசம் அனுப்பினாள். சவுரியம்மாள் வீட்டில் தின்றார்கள். கிறிஸ்துமஸுக்கு சவுரியம்மாள் முறுக்கு அனுப்பினாள். தட்டு வாழைப்பழத்தோடு திரும்பியது. முறுக்கு மட்டும் லட்சுமியம்மாளின் எருமைத் தொட்டியில் மிதந்தது. சேரியிலிருந்து குடிவந்தவள் கையால் சுட்டது என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை. (அடிக்குறிப்பு: எருமை மிச்சம் வைக்கவில்லை.)

இந்தத் தெருவில் யாராவது ஒருவர் தன் கைச்சமையலை ஒரு வாய் தின்ன வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு, பாண்டியில் சமையல் வேலை பார்க்கும் நாத்தனார் அம்மணி ஒரு சீஸ் டப்பா கொண்டுவந்தாள். சவுரியம்மாளுக்கு யோசனை பிறந்தது.

“எதிர்வூட்டம்மா பேக்கரி பன்னு தின்னுதில்ல? மாவு பிசைஞ்சவன் யாரு பெத்த புள்ளன்னு கேட்டுக்கினா தின்னுது? அதே மாதிரி ஒண்ணு சுட்டா?”

அந்தோணிசாமி டப்பாவை மோந்து பார்த்தார். “சவுக்காரம் மாதிரி கீது. இத்தத் தின்னா அதுக்குச் சாதி மறந்துடுமா?”

“பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தியா மணல் அள்ளிக்கினு வாங்க.”

4

குண்டானில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, சீஸ் துருவிப் பிசைந்த மாவைத் தட்டோடு உள்ளே வைத்து மூடி, மூடிமேல் நெருப்புக் கங்குகளைப் பரப்பினாள். ஒரு ரொட்டி வந்தது. முதலில் அதை அழகாக எழுதியிருந்தேன். பிறகு சந்தேகம் வந்து ஒரு பக்கத்தைக் கருக்கினேன். அதைத் தட்டில் வைத்து எதிர்வீட்டு வாசலில் நீட்டினாள்.

“இன்னா சவுரி, தேங்கா மாதிரி கெட்டியா கீது?” என்றாள் லட்சுமியம்மாள்.

“சீஸ் ரொட்டிங்க்கா.”

“எந்த பேக்கரி?”

இங்கே கதை நின்றுவிட்டது. ‘பாண்டி பேக்கரிங்க்கா’ என்று அவளைச் சொல்லவைத்தேன். அப்படிச் சொன்னால் ரொட்டி தின்னப்படும்; ஆனால் தின்னப்படுவது அவள் கைச்சமையல் அல்ல, ஏதோ ஒரு பேக்கரி. இது அவளுக்கும் அந்த வாசலில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். (எனக்குப் பிறகு புரிந்தது.) அடித்தேன்.

“நாந்தாங்க்கா சுட்டேன்.”

“அப்படியா. வச்சிட்டுப் போ.”

5

இனி நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். தட்டு வாழைப்பழத்தோடு வந்தது. ரொட்டி வரவில்லை. அதே தெருவிலிருந்த பாஞ்சாலி வீட்டுத் தட்டு ஒன்று திருப்பப்படாமல் லட்சுமியம்மாளிடம் காலியாகக் கிடந்தது. ரொட்டி அதில் ஏறிப் பாஞ்சாலியிடம் போனது. அவள் மேலே சர்க்கரை தூவிப் பக்கத்து ராஜாமணி வீட்டுக்குத் தள்ளினாள். இன்னதென்று விளங்காத ராஜாமணி, எதற்கும் இருக்கட்டும் என்று அதைச் சாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டாள்.

(இந்தப் பகுதியை வகுப்பில் தட்டச்சு செய்தபோது வாத்தியார் பாண்டுரங்கன் எட்டிப் பார்த்து, “லெட்டர்ல கம்பெனி பேரு, தேதி, பொருள் எதுவும் காணோமேப்பா” என்றார்.)

ராஜாமணிக்கும் சவுரியம்மாள் வழக்கம்போலப் பழத்தட்டு அனுப்பியிருந்தாள். அதைத் திருப்ப வேண்டிய நாள் வந்தபோது ராஜாமணி வீட்டில் வேறெதுவும் இல்லை.

6

தட்டைத் திறந்த சவுரியம்மாள் தன் ரொட்டியை அடையாளம் கண்டாள். சர்க்கரை, குங்குமம், செங்கல்லின் கனம். ஆனால் ஒரு மூலையில் பிறை போல ஒரு கடி.

“யாரோ தின்னுக்கிறாங்க!”

“எலிடி,” என்றார் அந்தோணிசாமி.

“எலிக்கு இவ்ளோ பெரிய வாயா?”

“பெருச்சாளி.”

“எங்க, நீங்க பக்கத்துல ஒரு கடி கடிங்க. மனுசப் பல்லான்னு பாக்கலாம்.”

அவர் கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டார். அவளும் கடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ரொட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்ததில் எது முதல் கடி என்பது இருவருக்குமே தெரியாமல் போனது.

“நல்லாத்தான் கீது,” என்றார், இன்னும் மென்றுகொண்டே.

“நீங்க சொல்லி இன்னா ஆவுது?”

7

முடிவுகள்.

அ) லட்சுமியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு கடித்தாள். நான் எழுதினால் கடித்துவிடுவாள்தான். ஆனால் அது நான் அவள் வாயில் திணித்ததாகும்.

ஆ) பெருச்சாளி. மனம் வரவில்லை.

இ) சாமி. ராஜாமணி ஒப்புக்கொள்வாள், அந்தோணிசாமி ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் என்ன சொல்வார்?

ஈ) எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து—

இல்லை.

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது சவுரியம்மாள் காத்திருக்கவில்லை. மிச்சமிருந்த சீஸைச் சுரண்டிப் போட்டு இரண்டாவது ரொட்டி சுட்டுவிட்டாள். இந்த முறை கருகவில்லை. டப்பாவைக் கழுவி மதில்மேல் கவிழ்த்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எந்த வீட்டுக்கு என்று நான் எழுதவில்லை. அவளே ஒரு வாசலில் நின்று குரல் கொடுக்கிறாள்:

“நாந்தாங்க சுட்டேன்.”

கதவு உங்களுடையது. தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ரொட்டியோடும் திருப்பக் கூடாது.