ஹஸ்கிக்கு முன் ஏழு நாள்

மே மாத வெயில் ஆரணியைப் பொரித்துக்கொண்டிருந்தபோது ஹேமநாத் மனத்தளவில் சைபீரியாவில் இருந்தான். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில் வந்த வினை. அவன் படித்தவற்றில் பாதிக் கதைகளில் யாராவது ஒருவர் பனியில் தன்னந்தனியாக நடப்பார்; பக்கத்தில் ஒரு நாய் போகும். ஹேமநாத்திடம் தனிமை இருந்தது. கம்பளிச் சட்டைகூட ஒன்று இருந்தது. பனியும் நாயும்தான் பாக்கி. பனிக்கு வழியில்லை என்பதால் நாயில் இறங்கினான்.

சேத்துப்பட்டில் ஸ்வர்ணலதா டீச்சர் தன் ஹஸ்கி நாயை யாருக்காவது கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு போன் செய்தான். அவர் ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. சென்னையில் மகனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோகிறார். நாயின் பெயர் சீனு. ஹேமநாத் மனசுக்குள் அதை நிக்கோலாய் என்று மாற்றிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தான்.

"தெனம் ஆறு கிலோமீட்டராவது நடக்கணும் தம்பி அது. இல்லன்னா வீட்ட ரெண்டாக்கிடும். உன்னால ஆவுமா?"

"ஆவும் டீச்சர். நடக்கறதுன்னா எனக்கு உயிரு."

நூலகம் வரைக்கும் உயிர். அதற்கு மேல் ஷேர் ஆட்டோ.

"அப்போ ஏழு நாள் நாயில்லாமயே நடந்து காட்டு. தெனம் பத்தாயிரம் அடி. போன்லதான் எண்ணிக்கை வருதே, அத எனக்கு அனுப்பு. ஏலகிரில ஒருத்தரும் கேட்டுகினு இருக்காரு. யாருக்குன்னு நான் முடிவு பண்ணணும்."

மறுநாள் விடியற்காலையில், பழக்கம் வரட்டுமே என்று, நாய்க்கு வாங்கிய புதுக் கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். தெருவில் பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நெசவாளர்கள் கயிற்றைப் பார்த்தார்கள். அதன் காலி முனையைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"இன்னாப்பா, நாய் எங்க?" என்றார் அவர்களில் ஒருவரான பொன்னுசாமி.

"இன்னும் வரலண்ணே."

"அது வர்றதுக்குள்ள நீ வாக்கிங் வந்துட்டியா?"

முதல் நாள் பத்தாயிரத்து நானூறு. இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள் பத்தாயிரத்து மூன்று. அதில் கடைசி அறுநூறு அடி கட்டிலைச் சுற்றி. நான்காம் நாள் எப்படியோ முடிந்தது. ஐந்தாம் நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. மதியத்துக்கு மேல் நொண்டிக்கொண்டு அக்கா தீபாவின் விசைத்தறிக் கொட்டகைக்குப் போய், போனைத் தறிமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். திரும்பி எடுத்தால் எழுநூறு அடி நடந்திருந்தது போன்.

முன்னும் பின்னும் ஆடும் தறிப்பலகையில் போனை நூலால் கட்டினான். தறி நடந்தது. அவன் மூலையில் பாயைப் போட்டு, உறைந்த ஏரியைக் கடக்கும் ஒருவனின் கதையைப் படித்தான்.

"டேய், அது நெய்யுது. நீ இன்னா பண்ற?" என்றாள் தீபா.

"நடந்துகினு இருக்கேன்க்கா."

"உன்னோட பெரிய பேஜாருடா."

ஆறாம் நாளும் தறிதான் நடந்தது. ஏழாம் நாள், ஏரி பாதி கடக்கும்போதே தூங்கிவிட்டான். விழித்ததும் கண்ணைக் கசக்கியபடி எண்ணிக்கையை அனுப்பினான். உடனே டீச்சர் கூப்பிட்டார்.

"முப்பத்தோராயிரமா! முப்பது வருஷத்துல இப்படி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல. ஏலகிரிக்காரர வேணாம்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து இட்டுகினு போ."

ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் சீனுவைப் பார்த்ததும் ஹேமநாத் வாசலிலேயே நின்றுவிட்டான். வெளிர்நீலக் கண்கள். ஈரத் தரையில் மூச்சிரைக்கப் படுத்திருந்த நாய், கயிற்றைக் கண்டதும் துள்ளி எழுந்தது.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வா," என்றார் டீச்சர்.

முதல் தெருவில் அவன் நடந்தான். இரண்டாம் தெருவில் இழுபட்டான். மூன்றாம் தெருவில் விழுந்தான். கயிறு கைநழுவியும் சீனு ஓடவில்லை. திரும்பி வந்து, அவன் முகத்தை மோந்து, முன்னங்காலால் தட்டி, போகலாமா என்பதுபோல் பாதையைப் பார்த்தது. அவனால் எழ முடியவில்லை. சீனு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. நாளைக்கும் இப்படித்தான் காத்திருக்கும், அதற்கு மறுநாளும் காத்திருக்கும் என்று ஹேமநாத்துக்குத் தோன்றியது. தான் எங்கே படுத்திருப்போம் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

நொண்டியபடி திரும்பி வந்து, வாசலிலேயே சொன்னான்.

"டீச்சர், அந்த முப்பத்தோராயிரம் நான் இல்லீங்க. எங்க அக்காவோட தறி."

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ நாய தறிக்கே குடுத்துடறேன்!" என்றார். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. "உன்ன நம்பி அவர வேணாம்னு சொன்னேனே. இப்ப எந்த மூஞ்ச வெச்சுகினு கேக்கறது?" எண்ணை அழுத்திப் போனை நீட்டினார். "நீயே பேசு. ஜல்தி."

ஏலகிரி தமிழ்வாணன் மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவர். தினமும் ஏறி இறங்குகிறவர். ஹேமநாத் சீனுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். விழுந்தவனை விட்டுப் போகாததைச் சொன்னான். கண்களைச் சொன்னான். காலடியில் சீனு அவன் முழங்காலின் சிராய்ப்பை நக்கிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நல்ல நாயின்றியே தம்பி," என்றார் தமிழ்வாணன் சந்தேகத்தோடு, "அப்புறம் நீ ஏன் எடுத்துக்கல?"

அழகாக ஏதாவது சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

"நான் ரொம்ப நேரம் படுத்துகினே இருக்கற ஆளுங்க," என்றான்.

அந்தப் பக்கம் நாட்காட்டித் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, செவ்வாக்கெழம வரேன்னு டீச்சர்கிட்ட சொல்லு."