எல்லாமே கறுப்பு ஒயர்

"அக்கா, பிளக் அச்சு அசலா பொருந்துது. ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று தம்பி போனில் கேட்டான்.

"கைய வெச்ச, தொலைஞ்ச! அப்படியே விடு, நான் வரேன்" என்றாள் டெஸ்டரக்கா.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று வீட்டில் கேலி செய்யப்போய், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வரேன் என்று வாய் முந்திக்கொண்டதே தவிர, பையைத் தூக்கும்போது அவளுக்குக் கால் எழவில்லை. தம்பி வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷமாகிறது.

காரணமும் அந்த வாய்தான். தம்பி மனைவிக்குக் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "ராத்திரி பகலா அந்த மெஷினே கதின்னு கிடந்தா எந்தக் குழந்தை தங்கும்?" என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. மன்னிப்புக் கேட்க இவளுக்கும் நாக்கு எழவில்லை.

இப்போது படுத்துவிட்டதும் அதே மெஷின்தான். துணியில் பூ வேலை போடும் எம்பிராய்டரி மெஷின். அதை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. செய்த கம்பெனி எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. அதற்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி செத்துப்போனதும், தம்பி வேறொரு கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டுவந்து சொருகியிருக்கிறான்.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி வழி விட்டாள். தம்பி, "ஒயர் பத்தவைக்க ஈயம் வாங்கிட்டு வந்துடறேன்" என்று நழுவினான். அக்கா பையில் ஈயம் இல்லாமல் இருக்காது என்பது அவனுக்குத் தெரியாததா!

பிளக் பொருந்தியதுதான் வம்பே. அந்தக் கம்பெனிக்காரன் பிளக்கை மட்டும் ஊரோடு ஒத்து வைத்துவிட்டு, எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தான். சுவிட்சைப் போட்டிருந்தால் போர்டு புகைந்திருக்கும். அந்தப் போர்டு இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. மெஷின் பேரீச்சம்பழத்துக்குத்தான் போகும், அதோடு தம்பி மனைவியின் பிழைப்பும். போதாக்குறைக்கு, பழைய பெட்டியிலிருந்து வரும் ஒயர் எல்லாமே கறுப்பு.

டெஸ்டரக்கா பழைய பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு ஒயரும் புறப்படும் இடத்தில் அதன் வோல்ட் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பிளக் துளையில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு ஒயரின் அடியையும் தொட வேண்டும். மீட்டர் எங்கே கத்துகிறதோ அங்கே இருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். இரண்டு கையும் மாட்டிக்கொண்டது, கண்ணும் ஒத்துழைக்கவில்லை.

"கொஞ்சம் படிச்சு சொல்றியாம்மா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

நாற்காலி நகர்ந்தது. மீட்டர் கத்தியது.

"அஞ்சு" என்றாள் தம்பி மனைவி.

"அடுத்து?"

"கிரவுண்டு."

"இது?"

"பன்னண்டு. இருங்க, முன்னால கோடு இருக்கு. மைனஸ் பன்னண்டு."

பிளக்கில் இருபது துளை இருந்தது நல்லதாகப் போயிற்று; அத்தனைக்கும் பேசியே ஆக வேண்டியிருந்தது. தெரிய வந்த ஒயரிலெல்லாம் டெஸ்டரக்கா காகித டேப்பைச் சுற்றிப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனாள்.

தம்பி கொண்டுவந்த பெட்டி மெஷினின் வயிற்றுக்குள் நுழையாது. அதனால் அதன் சர்க்யூட்டை மட்டும் எடுத்துப் பழைய தகரப் பெட்டிக்குள் உட்காரவைத்து, கறுப்பு ஒயர்களை அதில் பற்றவைத்து மூடினாள். இனிக் காகித டேப்பை உரிக்க வேண்டியதுதான் பாக்கி.

உரித்துவிட்டால் மறுபடி எல்லாமே கறுப்பு. எது எதுவென்று இவளுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த முறை கெட்டால் இவளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த வீட்டுக்குள் வரலாம். டேப்பின் நுனியில் நகத்தை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பென்சில் எழுத்தின்மேல் அழியாத மையால் எழுதி, ஒவ்வொன்றின்மேலும் கண்ணாடி டேப் ஒட்டினாள்.

பெட்டியை மெஷினுக்குள் வைத்துப் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டதும் மெஷினின் திரையில் வெளிச்சம் வந்தது. ஊசி ஒருமுறை இறங்கி ஏறி நின்றது.

தம்பி மனைவி அந்தச் சீட்டுகளைத் தடவிப் பார்த்தாள். "இதப் பாத்து யார் வேணாலும் சரி பண்ணிடலாமா?"

"பண்ணலாம்மா. நான்தான் வரணும்னு இல்ல."

அவள் சீட்டிலிருந்து கையை எடுத்தாள். "அன்னைக்கு நீங்க சொன்னத நான் மறக்கல, அண்ணி."

"மறக்காதம்மா. அப்படி ஒரு வார்த்தை என் வாயில வந்திருக்கவே கூடாது."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவாள் என்று இவளும் எதிர்பார்க்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தம்பி மனைவி கதவுவரை கூடவே வந்து நின்றாள்.

"அண்ணி, அடுத்த தடவை எதுவும் கெட்டுப்போகாமயே வாங்க."