இடுப்புக்கும் வளைவுக்கும் ஒரே சஸ்பென்ஷன்

பந்தய ஓடுதளத்தைச் சாதாரணக் கார்களுக்கும் திறந்துவிடும் நாளை ‘டிராக் டே’ என்கிறார்கள். சென்ற முறை அங்கே எங்கள் கார் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சரிந்தது. வேலியோரம் நின்ற சம்பந்தி, நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

“என்ன சம்பந்தி, உங்க மருமக காரு ஓட்டுறாளா, படகு விடுறாளா?”

ஓட்டியது அவர் பெற்ற பெண்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் மானம் எங்கள் மானம். காரின் சஸ்பென்ஷனை மாற்ற, மறுநாளே குடும்பத்தோடு மெக்கானிக்கிடம் போனேன்.

சிக்கல் என் மனைவிதான். மருமகள் தினமும் அந்தக் காரில்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறாள். டீச்சரம்மாவுக்கு இடுப்பு வலி. கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

“என்னத்தையாவது மாத்துங்க. ஆனா இப்ப இருக்கிறதைவிடக் குலுங்குச்சுன்னா, டிராக்குக்கு முழுக்குத்தான்.”

மருமகளின் முகம் சுருங்கிப் போனது. அவளுக்கு அந்த ஓட்டம் உயிர்.

பட்டறையில் ஸ்பிரிங்குகளை மேசைமேல் அடுக்கியிருந்தார்கள். இருப்பதிலேயே கடினமானதை நான் காட்டினேன்.

“ஐயா, அது டிராக்குல மட்டும் ஓடுற வண்டிக்கு. தினசரி ரோட்டுக்குத் தாங்காது” என்றார் மெக்கானிக்.

“எங்க வீட்டு முதுகு எதையும் தாங்கும்.”

“உங்க முதுகு தாங்கும், சரி. என் இடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் மனைவி.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே, அதே ஸ்பிரிங் போட்ட தன் காரின் சாவியை மருமகளிடம் கொடுத்தார். மூவரும் புறப்பட்டோம். முதல் வேகத்தடையில் என் கண்ணாடி மடியில் விழுந்தது. இரண்டாவதில் தலை கூரையில் இடித்தது.

“எப்படி இருக்கு மாமா?”

“கம்பீரமா இருக்கு” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நிறுத்தும்மா. கம்பீரத்துல நீங்களே போங்க” என்று மனைவி இறங்கி, பட்டறைக்கு நடக்கத் தொடங்கினாள்.

நாங்கள் திரும்பியபோது அவளிடம் மெக்கானிக் விளக்கிக்கொண்டிருந்தார்: “இப்ப இருக்கிறதைவிடக் கொஞ்சம் மட்டும் கடினமான ஸ்பிரிங் போடுவோம்மா. வளைவுல சாயாம இருக்க, ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியைத் தடியாப் போடுவோம். குலுக்கலை அடக்குற ஷாக் அப்சார்பர்ல திருகு இருக்கு. வாரநாள்ல தளர்த்திக்கலாம், டிராக்குல இறுக்கிக்கலாம்.”

தளர்த்துவது என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. வாய் திறக்குமுன் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“இதுக்கு நான் ஒத்துக்கிறேன். ஆனா முதல்ல நீங்க சொல்லணும். வலிச்சுதா, இல்லையா?”

பட்டறையே என்னைப் பார்த்தது. மருமகள் மட்டும் தரையைப் பார்த்தாள்.

“வலிச்சுது” என்றேன்.

“எவ்வளவு?”

“நல்லாவே.”

மருமகள் ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வேலை முடிந்த மறுநாள் காலை, நானும் அவர்களோடு கிளம்பினேன். மருமகள் வேகத்தடைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். பின்னாலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, டீச்சரம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசல் வந்தது. மருமகள் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“மணி அடிக்க நேரமிருக்கு. இன்னொரு சுத்து போ” என்றேன் மெதுவாக.